விமானிக்கு ஆள் பற்றாக்குறை என்கிறார்களே, நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வியைக் கேட்டவர் போகவந்தலாவையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி முடித்திருக்கிறார். உலகம் முழுக்க விமானிகளுக்குத் தட்டுப்பாடு, படித்து முடித்த கையோடு வேலை, மாதம் பல இலட்சம் சம்பளம் என்று கொழும்பில் ஒரு முகவர் சொல்லியிருக்கிறார். செலவு 1 கோடி 40 இலட்சம் ரூபாய். அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியில் கொஞ்சம், கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா கொஞ்சம், மிச்சத்துக்குக் கடன் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "அவர் சொல்வது உண்மையா அண்ணா? விமானிகளின் சம்பளமும் வேலையும் உண்மையில் எப்படி?" இதுதான் கேள்வி.

நான் விமானி இல்லை. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் 14 வருடம் விமானிகளுக்கு ரோஸ்டர் போடும் பிரிவில் இருந்தவன். எந்தக் கப்டன் எந்த இரவில் எங்கே போகிறார், திரும்பி வந்து எத்தனை மணி நேரம் ஓய்வு, ஒருவர் வராவிட்டால் யாரை எழுப்புவது என்று பார்ப்பதுதான் என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

தங்கச்சி, பற்றாக்குறை என்ற சொல் நமக்குப் புதிதில்லை. கொழுந்தெடுக்க ஆள் இல்லை, மலை காடாகிறது என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கொழும்புக் கடைகளில் இருக்கிறார்கள், ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள், வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,350 ஆனது 2024இல். மலையில் ஆள் குறைந்ததற்கு இந்த இரண்டு எண்களும் போதுமான விளக்கம். விமானிகளின் கதையையும் இதே கண்ணோடு பாருங்கள், முகவர் சொன்னதில் எது சரி எது தவறு என்று தானாகப் பிரிந்து வரும்.

முகவர் காட்டிய பெரிய எண் அநேகமாக போயிங் நிறுவனம் வெளியிடுவதாக இருக்கும். 2025இல் அவர்கள் சொன்னது, அடுத்த 20 வருடத்தில் உலகத்துக்கு 6,60,000 புதிய விமானிகள் வேண்டும் என்று. அது கணிப்பு. ஓய்வு பெறப் போகிறவர்களின் இடமும் அதில் சேர்ந்திருக்கிறது. கணிப்பைச் சொல்கிறவர் விமானம் விற்கிறவர் என்பதையும் மனதில் வையுங்கள். எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் லைசன்ஸ் எடுத்து வரும் வருடத்தில், நீங்கள் இருக்கும் நாட்டில், நீங்கள் பறந்து சேர்த்த மணித்தியாலங்களுக்கு வேலை இருக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

அந்த மணித்தியாலம்தான் எல்லாம். வர்த்தக விமானி லைசன்ஸுக்குப் பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ஒரே தொடர்ச்சியான அங்கீகாரம் பெற்ற பாடநெறி என்றால் 150. கப்டனாக உட்காரத் தேவையான உயர்ந்த லைசன்ஸுக்கு 1,500. உலகம் தட்டுப்பாடு என்று கத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு. ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட ரகத்தில் பல ஆயிரம் மணி நேரம் ஓட்டிய கப்டன், இன்றைக்குச் சொன்னால் அடுத்த மாதம் வரக்கூடியவர், அவர்தான் கிடைப்பதில்லை. 200 மணி நேரத்தோடு புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிறையப் பேர் நிற்கிறார்கள். இந்தியாவில் விமான நிறுவனங்கள் ஆள் இல்லை என்று சொல்லும் அதே காலத்தில், லைசன்ஸ் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். கூட்டிக்கொண்டு போக மூத்தவர் இல்லாதபோது புதியவரை எத்தனை பேர் என்று எடுப்பார்கள்? மூத்தவர் தட்டுப்பாடே புதியவருக்கு வாசலை அடைக்கிறது. முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதப்பு விமானம் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒற்றை எஞ்ஜின் செஸ்னா கரவன். சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரும். லீவில் வரும்போதெல்லாம் கரையில் நின்று பார்ப்பேன். தண்ணீரைத் தொடும் முன்பு காற்றைப் பார்த்து ஒரு வட்டம் போடுவார்கள், பிறகு மலைக்கும் தேயிலைக்கும் நடுவே தாழ்ந்து வந்து, இரண்டு வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு நிற்கும். இரத்மலானைப் பறத்தல் பள்ளியில் படித்து முடித்த ஒருவருக்கு மணித்தியாலம் சேர்க்க இந்த மாதிரி வேலையும், பயிற்சிப் பள்ளியிலேயே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும்தான் நம் நாட்டில் வழி. இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரிய விமானத்தின் கதவு வரை நடக்க வேண்டிய இந்த நடுத்துண்டுதான் மிக நீளம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சம்பளமும் பற்றாக்குறையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அங்கேதான் வெளிச்சமாகத் தெரிந்தது. 2009 பெப்ரவரி 12 இரவு, கொல்கன் எயார் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவருமாக 50 உயிர். விசாரணையில் ஊரே அதிர்ந்த விஷயம், துணை விமானியாக இருந்த 24 வயதுப் பெண்ணின் வருமானம். வருடத்துக்கு ஏறக்குறைய 16,000 டொலர். வேலை செய்யும் ஊரில் அறை எடுக்கக் கட்டுப்படியாகாமல், நாட்டின் மறு கரையில் பெற்றோர் வீட்டில் இருந்து, அன்றைக்கு முந்தைய இரவு முழுக்க வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்து வேலைக்கு ஏறியிருக்கிறார். விபத்துக்கு முதன்மைக் காரணம் கப்டன் எச்சரிக்கைக்குத் தவறாக எதிர்வினை செய்தது என்று விசாரணை சொன்னது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் சம்பளச் சீட்டை யாரும் மறக்கவில்லை.

அதன் பிறகு சட்டம் வந்தது. 2013இலிருந்து அங்கே பயணிகள் விமானத்தில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2014இலிருந்து வேலைக்கு முன்பு 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் உடனே ஆள் இல்லை, 1,500 மணி நேர விதிதான் காரணம் என்றார்கள். விதி வாசலைக் குறுக்கியது உண்மைதான். ஆனால் வருடம் 16,000 டொலர் சம்பளத்துக்காக 1 இலட்சம் டொலர் கடன் வாங்கிப் படிக்க யார் வருவார்கள்? 2020இல் கொரோனா வந்ததும் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. இரண்டே வருடத்தில் பயணிகள் திரும்பிவிட்டார்கள், போன கப்டன்கள் திரும்பவில்லை. அப்போதுதான் பணப்பெட்டி திறந்தது. 2022இல் அமெரிக்கன் எயார்லைன்ஸின் சிறு கிளை நிறுவனங்கள் முதல் வருடத் துணை விமானிக்கே பறக்கும் மணிக்கு 90 டொலர் என்று அறிவித்தன. 2023இல் டெல்டா விமானிகள் நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வுக்குக் கையெழுத்திட்டார்கள், மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்னால் வந்தன. சம்பளம் ஏறியதும் ஆள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல காலமா என்றால், அதுவும் இல்லை. 2024இல் போயிங்கிடமிருந்து விமானங்கள் தாமதம், புதிய ஏர்பஸ்களின் எஞ்ஜின்களில் கோளாறு என்று நிறைய விமானங்கள் தரையில் நின்றன. ஸ்பிரிட் என்ற நிறுவனம் ஏறக்குறைய 260 விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. முந்தைய வருடம் ஆளுக்கு அலைந்த அதே நாடு. இந்தத் தொழிலில் அலை இப்படித்தான் ஏறி இறங்கும். நீங்கள் படிக்கச் சேரும்போது அலை மேலே இருந்தால், முடித்து வரும்போது கீழே இருக்கலாம்.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். மே மாதம் 360க்குப் பக்கம். ரூபாயில் சம்பளம் வாங்கியவருடைய வருமானம் டொலர் கணக்கில் ஏறக்குறையப் பாதியாகக் கரைந்தது. கையிலிருந்த லைசன்ஸுக்கோ வெளிநாடுகளிலும் மதிப்பு உண்டு. தேசிய விமான சேவையிலிருந்து விமானிகள் பலர் வளைகுடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போனார்கள், ஆள் இல்லாமல் பறப்புகள் தாமதமாகி, ரத்தான செய்திகளையும் நாம் பார்த்தோம். போனவர்களைத் துரோகி என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தை விட்டு கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்குப் போன பிள்ளையை நாம் துரோகி என்கிறோமா?

சம்பளம் எப்படிக் கணக்காகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் பறந்த மணிக்கு ஒரு தொகை, வெளியூரில் தங்கினால் சாப்பாட்டுக் காசு. பறந்த மணி என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி நிற்கும் வரை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது முன்னதாக வந்து வானிலை, எரிபொருள், பாதை எல்லாம் பார்ப்பது, நடுவில் அடுத்த பறப்புக்காகக் காத்திருப்பது, இதற்கெல்லாம் பல நிறுவனங்களில் தனிக் காசு இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்கும் நேரம் பேரில், அதாவது நாட்சம்பளக் கணக்கில், சேருமா? அந்த மாதிரிதான். மணித்தியாலத்துக்கும் மேல்வரம்பு உண்டு. 28 நாளில் 100 மணி நேரம், வருடத்தில் நாட்டுக்கு நாடு 900 அல்லது 1,000. அதனால் "மணிக்கு இவ்வளவு" என்று முகவர் சொல்வதை, கடையில் வேலை செய்பவரின் மாத மணித்தியாலத்தால் பெருக்கிப் பார்த்துவிடாதீர்கள்.

முதல் வருடங்களில் பிடிப்புகளும் அதிகம். ஒரு ரக விமானத்துக்கான தனிப் பயிற்சியை நிறுவனம் கொடுத்தால் சில வருடங்களுக்குப் பத்திரம் எழுதி வாங்குவார்கள், நடுவில் போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதையும் உங்கள் செலவிலேயே எடுத்துக்கொண்டு வரச் சொல்கிற இடங்களும் உண்டு. மணித்தியாலம் சேர்க்க நிறுவனத்துக்கே விமானி காசு கட்டிப் பறக்கும் ஏற்பாடும் ஐரோப்பாவில் இருந்தது. வேலை செய்ய வேலைக்காரர் காசு கட்டுவது! இதை ஏற்காதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

இனி நான் நேரில் பார்த்ததற்கு வருகிறேன். வேலை நிலைமை என்றால் எனக்கு ஒரு இரவுதான் ஞாபகம் வரும்.

நேரம் 2.40. ஒரு கப்டன் திடீரென்று காய்ச்சல் என்று விலகிவிட்டார், விமானம் 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு அழைக்க ஸ்டாண்ட்பையில் இருந்தவரை அழைத்தேன். தொலைபேசி மூன்றாவது முறை ஒலித்ததும் எடுத்தார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "நான் சட்டப்படி சரியா?" என்றார். திரையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. "சரி கப்டன், 14 மணி நேர ஓய்வு இருந்திருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஓய்வு இருந்தது தம்பி, தூக்கம் இல்லை. மூன்று இரவாக இல்லை. நான் ஏற மாட்டேன்" என்றார். களைப்பு என்று குறியீடு போட்டுவிட்டு அடுத்தவரை எழுப்பினேன். சட்டம் அவர் பக்கம்தான், களைப்பாக இருந்தால் ஏறக்கூடாது என்பது அவர் கடமை. ஆனாலும் மறுநாள் அவரை மேலே கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் அழைத்த எந்த இரவிலும் அவர் மறுக்கவே இல்லை. அந்த "சரி" என்ற குரலைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னொரு கப்டனை உருவாக்க எங்களுக்கு வருடங்கள் பிடிக்கும். அதே வாரம் எங்கள் பிரிவுக்கு வந்த கடிதத்தில், விமானிகள் பற்றாக்குறை காரணமாக விடுமுறைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன என்று இருந்தது.

இரவு 2 மணியிலிருந்து விடிகாலை 6 மணி வரை உடம்பு தூங்கச் சொல்லி இழுக்கும் நேரம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த இழுப்பு குறையாது. 2010 மே 22 காலை மங்களூரில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். டுபாயிலிருந்து இரவில் கிளம்பி வந்த விமானம். கப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆசனத்தில் தூங்கியிருந்தார், குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் கேட்டது, தூக்கத்திலிருந்து முழுதாகத் தெளியாத நிலையும் அவருடைய தவறுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது.

மலையில் இருக்கும் நமக்கு விமான விபத்து தூரத்துச் செய்தி இல்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதன் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பாடசாலை நாட்களில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அது களைப்பால் நடந்த விபத்தென்று யாரும் சொல்லவில்லை, விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்துவிட்டார்கள். ஆனால் இரவில் ஒரு சிறு தவறான கணிப்பின் விலை என்ன என்பதை அந்த டயரிலிருந்துதான் நான் கற்றேன். ரோஸ்டர் போடும்போதெல்லாம் அது கண் முன்னால் வரும்.

இந்தியாவில் 2025 டிசம்பரில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்துப் புதிய விதி வந்தது. விதி அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். அத்தனை மாத அவகாசம் இருந்தும் இண்டிகோ விமான நிறுவனம் போதிய ஆயத்தம் செய்யவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகள் ரத்து. கடைசியில் அரசாங்கம் அந்த நிறுவனத்துக்கு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. விமானிக்குத் தூங்க நேரம் கொடுத்ததும் பற்றாக்குறை வெளியே வந்தது என்றால், அதுவரை அவர்களுடைய தூக்கத்தை எடுத்துத்தான் அட்டவணை ஓடியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். 1 கோடி 40 இலட்சத்தை 2024இல் வந்த 1,350 ரூபாய் நாட்பேரால் வகுத்தால் 10,370 நாட்பேர். மாதம் 25 நாட்பேர் விழுந்தால் 34 வருடத்துக்கு மேல். அம்மா ஒருத்தி தன் வாழ்நாள் முழுக்க மலையில் நின்ற காசு அது. இதைச் சொல்வது உங்களைத் தடுக்க அல்ல. நம் பிள்ளை ஒருத்தி அந்த ஆசனத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலக சராசரியை விட இரண்டு மடங்குக்கும் மேல், நமக்கும் அது எட்டாதது இல்லை. ஆனால் அந்தக் காசை ஒரே நாளில் ஒரு முகவரின் கையில் வைக்கக்கூடாது.

முதலில் மருத்துவப் பரிசோதனை, முதலாம் வகுப்புச் சான்றிதழ். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் செய்ய வேண்டும். கண்ணாடி போடுவது பிரச்சினை இல்லை. நிறக் குருடு பிரச்சினை, அது இருப்பது பலருக்கு அந்தப் புள்ளிப் படங்களைப் பார்க்கும் வரை தெரியாது. பணத்தைக் கட்டி, பாதிப் படிப்பில் இது தெரியவந்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். பிறகு பள்ளி. அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பள்ளிக்கு நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை மாதத்தில் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்கும் இடம் வேண்டாம், கட்டம் கட்டமாகக் கட்டலாம் என்ற இடம் பாருங்கள். தனியார் விமானி லைசன்ஸ் வரை போய், 40 சொச்சம் மணி நேரத்தில் உங்களுக்கு இது வருமா, பிடிக்குமா என்று தெரிந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குக் கட்டலாம்.

காசில்லாமல் பறக்க ஒரு வழி உண்டு, விமானப்படை. பறத்தல் பிரிவுக்கு அதிகாரி மாணவராக எடுத்தால் பயிற்சி அவர்கள் செலவு, திருகோணமலை சீனன்குடாவில். பல வருடச் சேவைக்குக் கட்டுப்பட வேண்டும், போட்டி கடுமை, வீட்டில் அதற்குச் சம்மதிப்பார்களா என்பது தனிப் பேச்சு. இன்னொன்று, விமானப் பராமரிப்புப் பொறியியல். உங்கள் பௌதிகவியல் நல்லதென்று எழுதியிருக்கிறீர்கள். செலவு குறைவு, அந்த லைசன்ஸுக்கும் வெளிநாட்டில் மதிப்பு உண்டு. சம்பாதித்துக்கொண்டே பறக்கப் படித்த இரண்டு பேர் என் நிறுவனத்தில் கப்டனாக இருந்தார்கள். கொஞ்சம் பிந்தினார்கள், கடன் இல்லாமல் வந்தார்கள். களைப்பாக இருக்கிறது, ஏற மாட்டேன் என்று தொலைபேசியில் அவர்கள் இருவரும் தயங்காமல் சொல்வார்கள். மாதக் கடன் கழுத்தை நெரிக்கும் விமானிக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வருவது எவ்வளவு கஷ்டம் என்று நான் இரவிரவாகக் கேட்டிருக்கிறேன்.

பரீட்சை முடிவு வரும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், அப்பாவின் சேமலாப நிதிக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். முகவர் கொடுத்த ஒப்பந்தத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், பணம் திருப்பித் தரும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த மாதம் ஹட்டனுக்கு வருகிறேன். அப்பாவுக்கு வசதிப்பட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் நேரில் பேசுவது நல்லது.